ஆயிரம் வருஷப் பகை என்று சொல்லாதீர்கள்

ஈராக்கைப் பற்றிய சனிக்கிழமை விவாதக் காணொளியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை.

"ஈராக்குல சன்னியும் ஷியாவும் ஆயிரம் வருஷமா வெட்டிக்கிட்டுச் சாகுறவங்க. சதாம் இருந்த வரைக்கும் அடங்கிக் கிடந்தாங்க, அவ்வளவுதான்." முஸ்லிம்களின் இரண்டு பிரிவுகளைப் பற்றி அதில் ஒரு பேச்சாளர் இப்படிச் சொல்கிறார், சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நாட்டை உடைத்தது பழம்பகை அல்ல. 2003 ஏப்ரல் 9-ஆம் தேதி சதாம் ஆட்சி கவிழ்ந்து பாக்தாத் அமெரிக்கப் படையிடம் விழுந்தது. ஊரே சூறையாடப்பட்டது. அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 15,000 பொருட்கள் போயின, மருத்துவமனைக் கட்டில்களைக்கூடத் தூக்கிப் போனார்கள். எண்ணெய் அமைச்சகத்துக்கோ அமெரிக்கப் படை காவல் நின்றது. மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் 25 பேர் கொண்ட ஆட்சிக் குழுவை அமைத்தார்கள், அதிலும் பிரிவு வாரியாகப் பங்கு: ஷியா 13, சன்னி 5, குர்து 5, துர்க்மென் 1, அசிரியக் கிறிஸ்தவர் 1. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரைக்கூட ஷியா கணக்கில்தான் சேர்த்தார்கள். போலீஸ் இல்லாத ஊரில் ராத்திரி உங்கள் தெருவை யார் காப்பார்கள்? உங்கள் பிரிவின் ஆயுதக் குழுதான். அப்புறம் அவர்கள் சொன்னதுதான் சட்டம். இதற்கு ஆயிரம் வருஷம் வேண்டாம், மூன்று வருஷம் போதும்.

ஷார்ஜாவில் என்னோடு வேலை பார்த்த பாக்தாத்காரர் ஒருவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அப்பா சன்னி, அம்மா ஷியா. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எந்தப் பிரிவு என்று 2006 வரை தனக்குத் தெரியாது என்பார். அவர் தம்பி பெயர் உமர், கேட்டதுமே சன்னி என்று காட்டிக்கொடுக்கும் பெயர். அந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தால் சோதனைச் சாவடியில் உயிர் போகும் என்ற நிலை வந்தபோது, அம்மாவே வேறு பெயரில் ஓர் அட்டை வாங்கிக் கொடுத்து, "இனிமேல் யார் கேட்டாலும் இதுதான் உன் பெயர்" என்று மனப்பாடம் செய்ய வைத்தாராம். பெற்றவள் தான் வைத்த பெயரைத் தானே அழிக்கிறாள். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்போ சதாம் நல்லவரா?" என்று கேட்க வருவீர்கள். இல்லை. 1988-இல் குர்துகளின் ஊரான ஹலப்ஜாவில் விஷவாயு வீசியவர், 1991-இல் தெற்கே கிளர்ந்தவர்களைக் கொன்று புதைத்தவர். அதை மறுப்பவன் நான் இல்லை. ஆனால் அவர் கொடுங்கோலர் என்பதால் பிரெமர் செய்தது சரியாகிவிடுமா?

"குண்டு வைத்தது ஈராக்கியர்கள்தானே" என்றும் கேட்பீர்கள். ஆமாம், ஈராக்கியர்களும் வைத்தார்கள், கொன்றார்கள். ஜோர்டானிலிருந்து வந்த அல்-கைதா தலைவர் சர்காவியும் வைத்தார். 2006 பிப்ரவரியில் ஷியாக்களின் புனிதத் தலமான சமாராவின் அஸ்கரி தர்காவைத் தகர்த்த பிறகு நடந்த கொலைகளுக்குக் கணக்கில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் செத்துப்போன ஊரில் எந்த மனிதனும் அப்படி ஆவான். உங்கள் தெருவில் மூன்று வருஷம் போலீசும் கோர்ட்டும் இல்லாமல் இருந்து பாருங்கள்.

ஆயிரம் வருஷப் பகை என்றால் 1920-இல் இரண்டு பிரிவும் சேர்ந்து பிரிட்டிஷ்காரனை எதிர்த்து எப்படி எழுந்தார்கள்? 2005 ஆகஸ்டில் பாக்தாத் அயிம்மா பாலத்தில் குண்டுப் புரளி கிளம்பி, நெரிசலில் ஏறக்குறைய ஆயிரம் ஷியா யாத்ரீகர்கள் செத்தார்கள். பாலத்தின் ஒரு கரையில் இருந்த அதமியா சன்னிகளின் பகுதி. அங்கிருந்து உஸ்மான் அலி என்ற சன்னி இளைஞன் டைக்ரிஸ் ஆற்றில் குதித்து ஒவ்வொருவராக இழுத்து வந்து கரையேற்றினான். கடைசியில் களைத்துப்போய் அவனே மூழ்கிவிட்டான். இரண்டே வருஷத்தில் அதே அதமியாவைச் சுற்றி அமெரிக்க ராணுவம் கான்கிரீட் சுவர் எழுப்பியது.

அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் நண்பர் அழுதுவிடுவார். ஐம்பது வயது மனிதர். அவர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பேச்சாளர் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும், பார்க்கலாம். அந்தக் காணொளியை மட்டும் எனக்கு இனி யாரும் அனுப்ப வேண்டாம்.