அது கதை இல்லை, சட்டம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காக ஒரு வரி: கனடாவின் சிம்ஷியன் பழங்குடி மக்கள் வாய்மொழியாகக் காத்து வருவது சட்டம் என்று நான் சொன்னேன். "எழுத்தில் இல்லாததை எப்படிச் சட்டம் என்பது? நாட்டுப்புறக் கதை என்று சொல்லிவிட்டுப் போங்களேன்" என்று நண்பர் கேட்டார். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

சிம்ஷியன் மக்கள் கனடாவின் மேற்குக் கரையில், ஸ்கீனா ஆறு கடலில் கலக்கும் பகுதியில் வாழ்கிறவர்கள். அவர்களுடைய சட்டத்துக்கு அவர்கள் மொழியிலேயே பெயர் உண்டு: அயாவ்க். யார் யாரை மணக்கக் கூடாது, எந்த இடத்தில் எந்த வீட்டாருக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குடும்பத்தாருக்கு, மீன்பிடி உரிமை, செய்த தவறுக்கு என்ன ஈடு என்று எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைக்குத் தாயின் குலம். தலைவரின் பெயர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். ஒரு வீட்டின் உரிமை எப்படி வந்தது என்று சொல்லும் வரலாறு அடாவ்க். அதைக்கூட உரிமை உள்ளவர்தான் சொல்லலாம். இதற்கு மேல் சட்டத்துக்கு என்ன இலக்கணம் வேண்டும்?

அந்தப் பகுதியில் உள்ள பிரின்ஸ் ரூபர்ட் நகரில் வேலை பார்த்த காலத்தில் சிம்ஷியன் மக்கள் என்னை ஒரு விருந்துக்கு அழைத்தார்கள். ஒருவருக்கு முன்னோர் பெயரைச் சூட்டினார்கள். முடிந்ததும் ஒரு மூதாட்டி மேசை மேசையாக வந்து, என் கையில் ஒரு துவாலையும் பீங்கான் குவளையும் சிறு உறையில் கொஞ்சம் பணமும் வைத்தார். அன்பளிப்பு என்று நினைத்து வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நீ பார்த்தாய், கேட்டாய். நாளை யாராவது மறுத்தால் நீதான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இது" என்றார். பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது அந்த மண்டபத்தில் நடந்தது. சட்டம் அல்லாமல் அது வேறு என்ன?

இத்தகைய விருந்தைத்தான் கனடா 1884இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1951 வரை அந்தத் தடை நீடித்தது. பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். இத்தனையும் நடந்த பிறகு "எழுத்தில் எங்கே?" என்று கேட்க எப்படி மனம் வருகிறது?

அந்தச் சட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறேன். எழுதி வைத்தால் உயிருள்ள சட்டம் உறைந்துவிடாதா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் சிம்ஷியன் மக்களின் மொழியான ஸ்மால்கியாக்கைச் சரளமாகப் பேசுவோர் இன்று மிகச் சிலரே, பெரும்பாலும் முதியவர்கள். ஆற அமர யோசிக்க நேரமில்லை.

வாய்மொழியை நம்ப முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அண்டை மக்களான கிட்க்சானும் வெட்சுவெட்டெனும் தங்கள் நில உரிமைக்காகத் தொடுத்த டெல்கமூக் வழக்கில், ஒரு மூதாட்டி தம் வீட்டுப் பாடலைச் சான்றாகப் பாட வந்தபோது, தமக்கு இசைஞானம் இல்லை, பாடிப் பயனில்லை என்றார் நீதிபதி. 1991இல் அவருடைய தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகவே வந்தது. 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வாய்மொழி வரலாற்றுக்கும் சான்றுக்குரிய மதிப்பைத் தர வேண்டும் என்றது. நாட்டின் உச்ச நீதிமன்றம் காது கொடுத்ததைக் கேட்டு நாம் சிரிக்கிறோம்.

பதிவு செய்யவே இல்லையா என்றால், செய்தார்கள். 1916இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் வெளியிட்ட பெருந்தொகுதியின் பெயரே 'சிம்ஷியன் புராணவியல்'. தலைப்பிலேயே வரலாறு புராணமாகிவிட்டது. சிம்ஷியன் தலைவர் வில்லியம் பெய்னன் 1915 முதல் பல ஆண்டுகள் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த எழுத்துகளில் ஒரு பகுதி கண்டத்தின் மறு கரைக்கு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. ஒரு பிள்ளை தன் பாட்டனாரின் சொல்லைப் படிக்க இன்னொரு நாட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டுமா? பதிவு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் சட்டம் என்ற பெயரில், எந்த வீட்டுக்கு உரியது என்ற குறிப்போடு, அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, அவர்கள் ஊரிலேயே இருக்க வேண்டும்.

"உனக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் வாசல்வரை வந்து கேட்டார். அன்று பதில் வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. இன்று சொல்கிறேன். அந்தத் துவாலையை வாங்கியவன் நான். மறுக்கிறவர் முன்னால் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

அடுத்த மாத அழைப்பிதழ் வந்திருக்கிறது. அதிலும் 'பழங்குடிக் கதை நேரம்' என்றே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மாற்றுங்கள், வருகிறேன்.