சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்கைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளாதீர்கள்

பல துறையினர் செய்யும் பகுதிகள் ஒரே அமைப்பாகச் சேர்ந்து இயங்கும்படி திட்டமிடக் கற்றுத்தரும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்ற பாடம் நம் பொறியியல் கல்லூரிகளில் கண்ணில் படுவதே அரிது. படுகிற இடத்திலும் அது ஏழாவது அல்லது எட்டாவது செமஸ்டரில், பிளேஸ்மெண்ட் அலைச்சலுக்கும் இறுதியாண்டு புராஜெக்டுக்கும் நடுவே, எளிதில் மதிப்பெண் கிடைக்கும் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் ஓர் எலெக்டிவாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஐந்து யூனிட், பக்கம் பக்கமாக வரையறைகள், ஆங்கில வி எழுத்து வடிவில் ஒரு படம், அந்தப் படத்தை வரைந்து விளக்கச் சொல்லும் ஒரு 13 மதிப்பெண் கேள்வி. இப்படிக் கற்பிப்பதைவிடக் கற்பிக்காமலே விடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இந்தப் பாடத்தை இவ்வாறு படித்துத் தேறிய மாணவர், அது அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறவர்களின் வேலை என்று முடிவுகட்டிவிட்டு, வாழ்நாள் முழுவதும் அதன் பக்கம் திரும்பாமல் இருந்துவிடுகிறார்.

இதை இரண்டாம் ஆண்டிலேயே, தனித் தாளாக அல்லாமல், கைவேலையோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் மூத்த ஆசிரியர்கள் ஒரு மறுப்பைச் சொல்கிறார்கள். பத்து ஆண்டுகள் ஏதாவது ஒரு துறையில் ஊறியவர்களுக்குத்தான் இது புரியும், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது வெறும் சொற்கூட்டம் என்பது அந்த மறுப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு செயற்கைக்கோளின் எடைக் கணக்கைத் துணை அமைப்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முடிவை அனுபவம் இல்லாதவர் எடுக்க முடியாதுதான். ஆனால் அந்த முடிவுக்கு அடியில் இருக்கும் பழக்கங்கள் மூன்று: என்ன வேண்டும் என்பதைச் சோதித்துப் பார்க்கும்படி எழுதுவது, என் பகுதி அடுத்தவர் பகுதியைத் தொடும் இடத்தைத் தாளில் பதிவது, எழுதியது நிறைவேறியதா என்பதற்குச் சான்று காட்டுவது. இவற்றுக்குப் பத்தாண்டு அனுபவம் தேவையில்லை. பத்தாண்டுகள் இவை இல்லாமலே வேலை செய்து பழகியவருக்குத்தான் பிறகு கற்றுக்கொடுப்பது கடினம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்து போர்வெல் மோட்டாரைத் தானாக இயக்கி நிறுத்தும் கருவி, ஆண்டுதோறும் எல்லாக் கல்லூரிகளிலும் புராஜெக்டாக வருகிறது. ஈரப்பத சென்சார், ஆர்டுயினோ பலகை, ஒரு ரிலே, கண்காட்சி நாளில் ஒரு தொட்டிச் செடி, ஒரு சிறிய பம்ப்; கைதட்டல் கிடைத்துவிடுகிறது. அந்தக் குழுவிடம் தேவைகளை எழுதித் தரச் சொன்னால் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மண் காய்ந்தால் மோட்டார் உடனே ஓட வேண்டும்." வகுப்பில் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். காய்ந்தது என்பதை எந்த ஆழத்தில், எத்தனை இடத்தில் அளப்பது? உடனே என்றால் ஒரு நொடியா, ஐந்து நிமிடமா? மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் மண் காய்ந்தால் என்ன செய்வது? நள்ளிரவில் மின்சாரம் திரும்பும்போது மோட்டார் தானாகக் கிளம்ப வேண்டுமா, அப்போது யாராவது ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும்? மூன்றில் ஒரு பேஸ் போனால்? கிணற்றில் நீர்மட்டம் இறங்கித் தண்ணீர் இல்லாமலே மோட்டார் ஓடினால் அதன் கம்பிச்சுருள் கருகாமல் எது காக்கும்?

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடப் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் போதும், பாதிக் கேள்விகளை அவரே எழுப்பிவிடுவார். அதுவரை பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவர், இதுதான் பொறியியல் என்றால் இதில் எனக்கும் சொல்ல இருக்கிறது என்று எழுந்து நிற்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம். ஒரு மணி நேர முடிவில் அந்த முதல் வரி ஏழெட்டு வரிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண்ணும், அதை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பும் இருக்கும். கருவியின் எல்லை எது என்பதும் அப்போதுதான் தெளியும். விவசாயி, மின்வாரியம், கிணறு, பக்கத்துத் தோட்டத்தோடு பகிரும் வாய்க்கால் இவையெல்லாம் அந்தச் சிறிய பெட்டிக்கு வெளியே இருந்தாலும் அதன் நடத்தையைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து வருவது இடைமுகம், அதாவது ஒருவர் பகுதி அடுத்தவர் பகுதியைத் தொடும் இடம். நம் கல்விமுறை மிகவும் பலவீனமாக இருப்பது இங்கேதான். மெக்கானிக்கல் மாணவர் பெட்டியை வடிவமைக்கிறார், ஈசிஈ (எலெக்ட்ரானிக்ஸ்) மாணவர் பலகையை வடிவமைக்கிறார், மென்பொருள் எழுதுவது இன்னொருவர். மூவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். சேர்க்கும் நாளில் கனெக்டரின் உயரம் பெட்டி மூடியை இடிக்கும்; சென்சார் அனுப்பும் எண் பெரிதானால் மண் ஈரம் என்று ஒருவரும், காய்ந்தது என்று மற்றவரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். துறைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்தி, துறைவாரியாகவே புராஜெக்ட் குழு அமைத்து, நான்கு ஆண்டுகளும் இப்படி ஒரு மோதலைச் சந்திக்கவே விடாமல் மாணவரை வெளியே அனுப்புகிறோம். பிறகு நம் பட்டதாரிகளுக்குக் குழுவில் வேலை செய்யத் தெரியவில்லை என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம்.

பெரிய விபத்துகளை வகுப்பில் சொல்வது நல்லதுதான், ஆனால் கதையாகச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் முதல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியதை, ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்த புரோகிராம் பிழை என்றே பெரும்பாலான வகுப்புகளில் சொல்லி முடிக்கிறார்கள். விசாரணை அறிக்கை சொல்வது அதைவிடப் பெரியது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் அளக்கும் கருவியில் இருந்த அந்த மென்பொருள், ஏரியன் 4 ராக்கெட்டில் குறையின்றி ஓடியது; புதிய ராக்கெட்டின் பாதை வேறு, கிடைமட்ட வேகம் அதிகம். ஆனால் அந்தக் கருவிக்கு எழுதிய தேவைப் பட்டியலில் ஏரியன் 5 பாதையின் விவரங்கள் சேர்க்கப்படவே இல்லை. பிழையைக் கிளப்பிய அந்தப் பகுதி, ராக்கெட் தரையை விட்ட பிறகு தேவையே இல்லாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. புரோகிராமர் ஒருவரின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட்டால், மாணவர் கற்க வேண்டியது முழுவதும் கைநழுவிவிடும்.

நமக்கு நெருக்கமான சந்திரயான் இதைவிடச் சிறந்த பாடம் என்பேன். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2 இன் தரையிறங்கும் கலமான விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. பின்னர் 2023 இல், அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பொதுவெளியில் விளக்கியபடி, ஐந்து எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை கொடுத்தன. அந்தச் சிறு வேறுபாடு சேர்ந்துகொண்டே போனது. அதைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது, திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வைத்த வரம்பு குறுக்கே நின்றது. இறங்க ஒதுக்கியிருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் மட்டுமே. வேகத்தைக் குறைக்கவும் வேண்டும், அந்தச் சிறு சதுரத்தை எட்ட முன்னே செல்லவும் வேண்டும் என்று ஒன்றுக்கொன்று முரணான இரு கட்டளைகளுக்கு நடுவே கலம் சிக்கிக்கொண்டது. எஞ்சின், மென்பொருள், இறங்குமிடம் என ஒவ்வொன்றையும் தனியே ஆராய்ந்தால் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாது.

விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3 இல், எது எது தவறக்கூடும், அப்போதும் கலம் பிழைக்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கினார்கள். இறங்கும் பகுதி சுமார் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. நடு எஞ்சின் நீக்கப்பட்டது, எரிபொருள் கூட்டப்பட்டது, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி கால்கள் வலுவாக்கப்பட்டன, வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நாம் பார்த்த வெற்றி அதன் பலன். இந்த மாற்றங்களை மாணவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தத் தேவையைத் தளர்த்தியது, எதைக் கூட்டியது, எடையிலும் எரிபொருளிலும் அதற்கு என்ன விலை என்று எழுதச் சொன்னால், ஒரு செமஸ்டர் வரையறைகள் தராத தெளிவை அந்த ஒரு பயிற்சி தரும்.

மாணவர்களால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு, 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி சி12 ராக்கெட்டில் சென்ற அனுசாட் செயற்கைக்கோளை நினைவூட்ட விரும்புகிறேன். சுமார் 40 கிலோ எடையுள்ள அது இஸ்ரோவின் வழிகாட்டுதலில் அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவானது. அத்தகைய வாய்ப்பு எல்லாக் கல்லூரிக்கும் வாய்க்காது. ஆனால் அதன் ஒழுங்கைச் சிறிய அளவில் எந்தக் கல்லூரியிலும் கொண்டுவரலாம்.

தடையாக இருப்பது மாணவரின் வயதோ பணமோ அல்ல. மதிப்பெண் போடும் முறை. புராஜெக்ட் ரெவ்யூவில் நாம் இன்றும் பார்ப்பது, மேசைமேல் இருப்பது ஓடுகிறதா என்பதைத்தான். ஓடினால் 90, ஓடாவிட்டால் 60. இதனால் நேர்மையான மாணவர் தண்டிக்கப்படுகிறார். கடைசி இரவில் சென்சாரை நீக்கிவிட்டு விளக்கு மட்டும் எரியும்படி புரோகிராம் எழுதியவர் தப்பிவிடுகிறார். எழுதிய தேவைகள் எவை, எவை சோதிக்கப்பட்டன, எது தவறியது, ஏன் தவறியது என்ற பதிவுக்குப் பாதி மதிப்பெண்ணையாவது ஒதுக்க வேண்டும். செமஸ்டர் நடுவில் ஒரு தேவையை ஆசிரியரே மாற்ற வேண்டும். மின்சாரம் இனி பகலில் மட்டும்தான் வரும் என்று ஆறாவது வாரத்தில் சொன்னால், இடைமுகத்தை ஒழுங்காகப் பதிந்து வைத்த குழு எது என்பது அடுத்த வகுப்பிலேயே தெரிந்துவிடும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரிடமும் அவர் செய்த பகுதியைவிட, அது தொடும் அடுத்தவர் பகுதியைப் பற்றிக் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

இதற்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ (எலெக்ட்ரிக்கல்), ஈசிஈ, கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகளில் ஏதேனும் மூன்றின் துறைத் தலைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, நான்காவது செமஸ்டரில் வாரம் மூன்று மணி நேரத்தைப் பொதுவாக ஒதுக்கி, அந்த வேலைக்கான இன்டர்னல் மதிப்பெண்ணை மூன்று துறைகளும் ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட்டால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். ஆய்வகமும் கருவிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்று துறைகளின் டைம்டேபிளிலும் ஒரே பிற்பகல் காலியாக இருக்க வேண்டும். ஜூன் மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய சிக்கல் அது ஒன்றுதான்.