தண்ணீருக்கென்று தனி வரி கட்டும் நாடு

நெதர்லாந்து வெள்ளத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று பேச்சு வந்தாலே, ராட்டர்டாமுக்குக் கடல் வெள்ளம் ஏறாமல் தடுக்கும் மேஸ்லான்ட் தடுப்பின் வீடியோ வந்துவிடும். ஒவ்வொன்றும் 210 மீட்டர் அகலத்தில் இரண்டு கதவுகள். ராட்டர்டாமில் நீர்மட்டம் 3 மீட்டரைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால், மூடும் முடிவைக் கணினியே எடுக்கும். 1997-ல் திறந்த அந்தத் தடுப்பு, உயர்ந்த நீர்மட்டத்துக்காகத் தானாக மூடியது 2023 டிசம்பரில்தான் முதல் தடவை. மீதி நாளெல்லாம் நாட்டைக் காப்பாற்றியது யார்? கரைகளையும் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் அமைப்புகளான நீர் வாரியங்கள்.

மொத்தம் 21 வாரியங்கள். 4 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், சொந்தமாக வரி வசூல். இந்த வரியை வேறு துறைக்குத் திருப்பிவிட எந்த அமைச்சராலும் முடியாது. என்னைக் கேட்டால், மொத்த ஏற்பாட்டின் உயிர்நாடியே இதுதான். முக்கியக் கரைகளைப் பலப்படுத்தும் செலவில் மத்திய அரசு பாதி, வாரியங்கள் பாதி. இருவரும் சேர்ந்து போடும் அந்தப் பொது நிதியிலிருந்து ஒரு கரைக்கு 90 சதவீதம் வரும்; மீதி 10 சதவீதத்தை அந்தந்த வாரியமே போட வேண்டும். சொந்தக் காசும் இருப்பதால் யாரும் கண்டபடி எஸ்டிமேட் போட மாட்டார்கள்.

1953-ல் கடல் புயலில் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். கரைகள் தாங்காது என்று பொறியாளர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள், பணம்தான் வரவில்லை. இப்போது 2017 முதல் சட்டப்படியே கணக்கு: கரைக்குப் பின்னால் வசிக்கும் ஒருவர் வெள்ளத்தில் சாகும் வாய்ப்பு, 2050-க்குள் ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது.

கரை என்றால் உயரம்தான் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆற்றுக் கரையில் பெரிய தலைவலி அடியில் இருக்கிறது. வெள்ளம் ஏறி நிற்கும்போது, கரைக்குக் கீழே உள்ள மணல் அடுக்கு வழியாகத் தண்ணீர் புகுந்து, உள்பக்கம் வாய்க்காலோரம் ஊற்றாகக் கிளம்பும். தெளிந்த தண்ணீர் வந்தால் கண்காணித்தால் போதும். மணலோடு வந்தால் ஆபத்து: கரைக்கு அடியில் ஒரு குழாய் ஆற்றை நோக்கி அரித்துக்கொண்டே போகிறது என்று அர்த்தம். அந்த ஓட்டையை அடைக்கவே கூடாது. அடைத்தால் பக்கத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைத் தேங்க விடுவார்கள். தேங்கிய நீரின் எடை எதிர்த்து அழுத்தும். மணல் வருவது நிற்கும் வரைதான் உயர்த்துவார்கள், தண்ணீர் வழிந்துகொண்டேதான் இருக்கும். இதற்கென்றே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ராத்திரியில் டார்ச்சோடு கரையில் நடப்பார்கள்.

வறட்சியிலும் கரை போகும். 2003 ஆகஸ்டில் வில்னிஸ் ஊரில், காய்ந்து எடை குறைந்த கரிமண் (செடிகொடிகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்த மண்) கரையைக் கால்வாய்த் தண்ணீர் அப்படியே நகர்த்திவிட்டது. கோடையில் வெடிப்பு தேடி ஆள் அனுப்புவது அதனால்தான்.

வாரியங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. மாட்டுப் பண்ணைக்காகக் கரிமண் நிலத்தில் நீர்மட்டத்தை இறக்குகிறார்கள். காற்று பட்ட கரிமண் மட்கி, நிலம் தாழ்கிறது. தாழ்ந்ததும் மறுபடி பம்ப் போட்டு இறக்குகிறார்கள். வாரியத்தில் விவசாயிகளுக்குத் தேர்தல் இல்லாமலே ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு. தொழில் நிறுவனங்களுக்கு இருந்த ஒதுக்கீட்டை 2023 தேர்தலோடு எடுத்துவிட்டார்கள். விவசாயிகளுக்கானதை ஏன் விட்டுவைத்தார்களோ! நிலத்தடி நீர் இறங்கும்போது பழைய வீடுகளின் மரத்தூண் அஸ்திவாரம் காற்றுப் பட்டு உளுத்துப்போகிறது. அதைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான்.