ரயில்வே வேலையும் ரிங்வுட் ஜெர்சியும்

இந்தியக் கூடைப்பந்து வீராங்கனை கீது அன்னா ஜோஸின் பெயரை எடுத்தாலே நம் ஊர்க் கூடைப்பந்து ஆட்கள் பேச்சை ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள்: "அமெரிக்காவுக்குப் போனார், எடுக்கவில்லை, திரும்பிவிட்டார்." போன வாரம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாலைப் பயிற்சி முடிந்து நின்றபோதும் இதையே கேட்டேன். மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கீது கோட்டயம் மாவட்டத்துப் பெண். முதலில் வாலிபால் ஆடியவர். உயரம் 6 அடி 2 அங்குலம். தெற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து சென்னையில் ஆடியதால் நமக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரிதான். 2006-இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணி அவரை அழைத்துக்கொண்டது. மெல்போர்னை ஒட்டிய புறநகர் அணி. அப்போது விக்டோரியா மாநிலத்தின் பிக் வி லீக்கில் ஆடியது. அந்த நாட்டில் தொழில்முறையாக ஆடிய முதல் இந்தியப் பெண் கீதுதான். 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ என மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

அந்த 2011-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அப்போது அந்த லீக்கில் மொத்தமே 12 அணிகள். ஓர் அணியில் பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் இடமில்லை. சிகாகோவில் சென்டராக, அதாவது ரிங்குக்குக் கீழே ஆடும் உயரமான ஆட்டக்காரராக, நின்றவர் சில்வியா ஃபவுல்ஸ், 6 அடி 6 அங்குலம். லாஸ் ஏஞ்சல்ஸில் கேண்டஸ் பார்க்கர், 6 அடி 4 அங்குலம். அந்த உயரத்தோடு பந்தைத் தட்டிக்கொண்டே கோர்ட் முழுக்க ஓடிவருவார். இந்தியாவில் எல்லோரையும்விட உயரமாக நின்று, ரிங்குக்கு முதுகைக் காட்டிப் பந்து வாங்கிப் பழகியவர் கீது. அங்கே அதே உயரத்துக்கு வெளியிலிருந்து ஷூட் செய்யவும், பந்தைத் தானே கொண்டுபோகவும் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில், சில நாள் பயிற்சியில், இதையெல்லாம் புதிதாகக் கற்றுக் காட்டு என்றால் யாரால் முடியும்? அவ்வளவு தூரம் போய் நின்றதே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

அன்றைக்கு அதே மைதானத்தில் ஒரு காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, வயதுக்கு மீறிய உயரம். சிமெண்ட் தரையில் தேய்ந்து வழவழப்பாகிப்போன பந்து. போர்டில் பட்டுத் தெறித்ததைத் தாவிப் பிடித்தாள், திரும்பினாள், இரண்டு தட்டுத் தட்டினாள். உடனே விசில். "உனக்கு எதற்கு அது? கார்டிடம் கொடுத்துவிட்டு ரிங்குக்குக் கீழே போய் நில்!" கார்டு என்றால் பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர். அந்தப் பிள்ளையும் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள். பள்ளிப் போட்டியில் ஜெயிக்க அது போதும். ஆனால் சிகாகோவின் கதவு அந்த விசிலிலேயே சாத்தப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவில் எடுக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

அவளுடைய அம்மா வேலியோரம் நின்றிருந்தார். "இதில் வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போனால் அணிகளின் பெயரைக் கவனியுங்கள்: வங்கி, ராணுவம், கடற்படை, ரயில்வே. நம் நாட்டில் கூடைப்பந்து வீரருக்குச் சோறு போடுவது அலுவலகம்தான். இந்தியாவுக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேக்காரர்தான்.

கீது துணிந்து விமானம் ஏறியதற்கும் அந்த வேலை ஒரு காரணம் என்பது என் எண்ணம். அங்கே சரிப்படாவிட்டால் திரும்பிவர ஓர் இடம் இருந்தது. 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணியோடு ஒப்பந்தமான இந்திய வீரர் விசேஷ் பிருகுவன்ஷியும் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் ஊழியர்தான். பஞ்சாபின் சத்னாம் சிங்குக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. சிறுவயதிலேயே ஃபுளோரிடாவுக்குப் போனார். 2015-இல் அமெரிக்காவின் ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வுக்குப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் டல்லாஸ் அணி அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு போட்டிகூட ஆடக் கிடைக்கவில்லை. அதன் துணை லீக்கில் டெக்சாஸ் அணிக்கு ஆடினார். இப்போது தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார். திரும்பி வந்து ஆட, ஆண்டு முழுக்க ஓடும் ஒரு லீக் இங்கே இருந்திருந்தால் அவர் பந்தை விட்டிருப்பாரா?

ஆகவே வேலையைக் குறை சொல்ல மாட்டேன். வேலையில் சேர்ந்த நாளோடு பலருடைய ஆட்டம் நின்றுபோவதுதான் என் வருத்தம். நிரந்தரமாகிவிட்டால் துறைப் போட்டி, தேசியப் போட்டி, பதவி உயர்வு என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன. வெளிநாட்டு அணி அழைத்தால் இரண்டு வருடம் சம்பளமில்லா விடுப்பு, பணிமூப்பு குறையாது என்பதை ரயில்வேயும் வங்கிகளும் எழுத்திலேயே தரட்டும். யாருடைய தயவும் தேவைப்படாத விதியாக அது இருக்க வேண்டும்.

மதுரைப் பயிற்சியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உயரமான பிள்ளைகளைத் தினமும் அரை மணி நேரமாவது கார்டுகளோடு சேர்த்துப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட விடுங்கள். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். நாளை மாலையே தொடங்கலாம்.