எட்மாவும் ஓவியர்தான்

கண நேரத்து ஒளியையும் காட்சியையும் பிடிக்க முயன்ற பிரெஞ்சு ஓவியர் குழுவான இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி நடந்து 150 ஆண்டு ஆனதையொட்டி, 2024-இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். 1874-இல் புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டுடியோவில் மாட்டப்பட்டிருந்த படங்கள் பல மறுபடி ஒன்றுசேர்ந்திருந்தன. மோனேயின் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' முன்னால் நிற்கவே இடமில்லை. மகத்தான ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அதே குழுவில் இருந்த பெண் ஓவியர் பெர்த் மொரிசோவின் 'தொட்டில்'.

இரண்டடி உயரம்கூட இல்லாத படம். மேலிருந்து சரியும் மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் குழந்தை தூங்குகிறது. பக்கத்தில் தாய், ஒரு கையில் தலையைச் சாய்த்தபடி, மறு கையால் அந்தத் துணியின் விளிம்பைப் பிடித்தபடி.

தாய்ப்பாசம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. அந்தத் தாய் எட்மா, பெர்த்தின் அக்கா. அவரும் ஓவியர். இருவரும் இயற்கைக் காட்சி ஓவியர் கொரோவிடம் சேர்ந்து கற்றார்கள். 1864-இல் பாரிஸின் பெரிய அரசுக் கண்காட்சியான சலோனில் இருவர் படங்களுமே இடம்பெற்றன. 1869-இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார், ஓவியம் நின்றுபோனது. மனம் உன் ஸ்டுடியோவிலேயே இருக்கிறது, கால் மணி நேரமாவது தப்பித்து வரத் தோன்றுகிறது என்ற பொருளில் அவர் தங்கைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று வருஷம் கழித்து, 1872-இல், அந்தத் தங்கைதான் அவரை இப்படி வரைகிறார்.

இது தெரிந்தபின் அந்த முகத்தைப் பாருங்கள். பாசம் இருக்கிறது, துணியைப் பிடித்த விரல்களிலேயே இருக்கிறது. கூடவே களைப்பும், வேறெங்கோ போய்விட்ட யோசனையும் இருக்கின்றன. பெர்த் அதை மழுப்பவில்லை. தனக்கும் இதே வாழ்க்கை காத்திருக்கலாம் என்று தெரிந்தவர் வரைந்த படமாகத்தான் எனக்குப் படுகிறது.

பெர்த் நிறுத்தவில்லை. இம்ப்ரெஷனிஸ்ட் குழுவின் எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் கலந்துகொண்டார். 1879-இல் மட்டும் இல்லை, அப்போது மகள் ஜூலி கைக்குழந்தை. அப்படிப்பட்டவர் 1895-இல் இறந்தபோது சான்றிதழில் 'தொழில் எதுவும் இல்லை' என்று எழுதினார்கள். இன்னமும் கோபம் வருகிறது. 'தொட்டில்' விற்காமல் குடும்பத்திலேயே இருந்து, 1930-இல்தான் லூவ்ருக்குப் போனது.

எட்மாவின் ஓவியங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று, தங்கை தூரிகையோடு நின்று வரைவதைக் காட்டும் படம். அடுத்த முறை 'தொட்டி'லுக்குப் பக்கத்தில் அதையும் மாட்ட வேண்டும்.