மறதி நோய்க்கு மாத்திரை மட்டும்தானா?

'டிமென்ஷியா வந்துவிட்டால் மாத்திரைதான், பேச்சு, குழுப் பயிற்சி எதுவும் பலன் தராது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள். அது சரியில்லைங்க.

நோயை முழுதாகக் குணப்படுத்தும் வழி இன்னும் இல்லை, உண்மைதான். ஆனால் ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு 'அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை' என்று ஒன்று உண்டு. சிறு குழுவாக உட்கார்ந்து, வாரம் இரண்டு அமர்வு, ஏழு வாரம். பாட்டு, சாப்பாடு, பழைய காசு என்று அமர்வுக்கு ஒரு தலைப்பு. 'காலையில் என்ன சாப்பிட்டீங்க?' என்று நினைவைச் சோதிக்க மாட்டார்கள். 'இந்த ரெண்டு புடவையில் எது நல்லா இருக்கு?' என்று அபிப்பிராயம்தான் கேட்பார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இல்லாததால் வாய் திறக்கிறார்கள். பிரிட்டனில் 201 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. கலந்துகொண்டவர்களின் சிந்தனைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. சென்னையிலும் நம் பழக்கவழக்கத்துக்கு ஏற்ப இதை மாற்றியமைத்திருக்கிறார்கள்.

என்னை நம்ப வேண்டாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் 'நைஸ்' அமைப்பு 2018இல் வெளியிட்ட டிமென்ஷியா வழிகாட்டி (எண் என்.ஜி. 97) இணையத்தில் இலவசம். அதில் 1.4ஆம் பகுதியைப் பாருங்கள்: இந்தக் குழு சிகிச்சையை வழங்கச் சொல்கிறது. அதே பக்கத்தில், லேசான, நடுத்தர அல்சைமர் வகை டிமென்ஷியாவுக்கு 'அறிவாற்றல் பயிற்சி' வேண்டாம் என்றும் இருக்கும். அது நினைவு போன்ற குறிப்பிட்ட திறனைத் திரும்பத் திரும்பப் பழக்கும் வேறு முறை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.