மறுசுழற்சியோடுதான் அபாயமும் வருகிறது
"முதலில் பாதுகாப்பைப் பார்த்து முடித்துவிட்டு, பைலட் ஆலைக்கு (சிறிய சோதனை ஆலை) பிறகு கார்பன் கணக்குப் போடலாம்" என்று பசுமைக் கரைப்பான்களை மதிப்பிடுவது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது எண்ணெய் பிரித்தெடுக்கும் கரைப்பான்களுக்குப் பொருந்தாது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் வழக்கமான கரைப்பானான ஹெக்சேனுக்கு மாற்றாக வந்துள்ள 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரானையே பாருங்கள். கரும்புச் சக்கை, மக்காச்சோளக் கட்டையிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃப்யூரால்தான் மூலப்பொருள்; 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவுத் தயாரிப்பிலும் அனுமதித்துவிட்டது. ஆனால் இது ஈதர் வகை, காற்றுப் பட்டால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும். அதைத் தடுக்கத்தான் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுயீன் போன்ற நிலைப்படுத்தியைச் சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் சில நூறு பங்கு) கலந்து விற்கிறார்கள். கரைப்பானைக் காய்ச்சி மீட்டால்தான் பசுமைக் கணக்கு நிற்கும். சிக்கலும் அங்கேதான்: கரைப்பான் 80 டிகிரியில் கொதிக்கிறது, நிலைப்படுத்தியோ 265 டிகிரியில். அது எண்ணெயோடு அடியில் தங்கிவிட, மேலே வருவது காப்பு இல்லாத கரைப்பான். புது டிரம்மைச் சோதித்துப் 'பாதுகாப்பானது' என எழுதிய அறிக்கை மூன்றாவது சுழற்சிக்கு உதவாது. தொட்டியில் நைட்ரஜன் போர்வை (காற்றுப் படாமல் மேலே நைட்ரஜன் வாயுவை நிரப்புவது), நிலைப்படுத்தியை மீண்டும் சேர்ப்பது, காய்ச்சும் முன் பெராக்சைடு சோதனை, இவற்றின் செலவும் ஆற்றலும் அதே கணக்கில் ஏற வேண்டும். கழிவுநீரும் அப்படியே: ஹெக்சேன் நீரில் கரைவதே இல்லை எனலாம், இது அறை வெப்பநிலையில் சுமார் 14 சதவீதம் கரையும், அடுக்காகப் பிரிந்ததை வடிக்கும் டிகாண்டர் போதாது, நீராவி கொடுத்துப் பிரிக்க வேண்டும். மேலே கருத்திட்ட ஒருவர் 'தாவரத்திலிருந்து வருவதால் தீ பயம் இல்லை' என்கிறார். இதன் தீப்பற்றுநிலை, அதாவது இதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 10 டிகிரி அளவில்!